காது வெட்டிய பன்றி

1

இந்தக் கதை ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பிறந்தது. பன்றிக்கறியை வழித்து உண்டபடி ஒருவர் சொன்னார்: "முந்தி பருத்தித்துறைப் பக்கம் ஸ்ரெல்லா எண்டொரு கள்ளி இருந்தவள். அவளை மாதிரி ஆக்களிட்டைப் பண்டி வளர்க்கக் குடுக்கக்கூடாது." பந்தியே சிரித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். நடுநிலை வேண்டுமென்றால் வேறு கதையைப் பாருங்கள்.

2

1936. கடற்கரையில் காற்று மெல்ல—

(இல்லை. காற்றுக்கு இங்கே வேலையில்லை.)

ஸ்ரெல்லா கைம்பெண். படகுகள் வைத்திருந்த நீக்கிலாப்பிள்ளைச் சம்மாட்டியார், ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை அவளிடம் வாரத்துக்கு விட்டார்: வளர்ந்தபின் ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. அன்றைக்கே பெரியதைப் பார்த்துப் பிடித்து, தன்னுடையது என்று காதில் வெட்டினார். (வாசகரே, இந்த வெட்டை மறக்கவேண்டாம். ஊர் மறந்துவிட்டது.)

ஒரே தொட்டி, ஒரே தவிடு, ஒரே கஞ்சித்தண்ணீர். நத்தாருக்குள் (கிறிஸ்துமஸுக்குள்) சின்னது வயிறு தரையில் உரசக் கொழுத்தது. காது வெட்டியது விலா எலும்பு தெரிய நின்றது. ஏன்? தெரியாது. பன்றிகள் அப்படியும் வளரும். காரணமொன்று புனைய எனக்கும் தெரியும், புனையமாட்டேன்.

3

நத்தார்ப் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது சம்மாட்டியார் அவளைக் கோயில் வாசலில் மறித்தார்.

"என்ரையைப் பட்டினி போட்டு உன்ரையைக் கொழுக்க வைச்சிருக்கிறாய், என்னடி? கொழுத்ததை நான் கொண்டுபோறன்."

"பெரிசைப் பாத்துப் பிடிச்சது ஆர், சம்மாட்டியார்? காதை வெட்டினது ஆர்?"

"கள்ளியின்ரை வாயைப் பார்!"

ஸ்ரெல்லா நினைத்தாள்: பன்றி போனால் போகட்டும். கள்ளி என்ற பெயரோடு இனி யார் அவளை நம்பி ஒரு கோழிக்குஞ்சாவது கொடுப்பார்கள்?

(இங்கே அவள் அழுவதாக எழுதினேன். கிழித்தேன். சம்மாட்டியார் மனம் திருந்துவதாக எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது.)

அவள் வீட்டுக்குப் போனாள். இரண்டையும் கயிற்றில் இழுத்துவந்து சம்மாட்டியாரின் வேலியில் கட்டினாள்.

"இனி நீங்களே தீன் வையுங்கோ. உங்கடை கையாலை, ஒரே தொட்டியிலை. உயிர்த்த ஞாயிறு, பாஸ்காவுக்கு வாறன். உங்கடையும் கொழுத்திருந்தால் நான் கள்ளிதான்."

4

பாஸ்காவுக்கு வந்து அவள் என்ன கண்டாள்? காது வெட்டியது மெலிந்தே நின்றது என்று எழுதினால், "பாவம், நல்லவள்" என்று நிம்மதியாகச் சொல்வீர்கள். கொழுத்தது என்றால் முகத்தைத் திருப்புவீர்கள். இரண்டையும் எழுதமாட்டேன். ஒரு பெண்ணின் சொல்லை நம்ப, பன்றியின் வயிற்றைத் தடவிப் பார்க்கவேண்டுமா உங்களுக்கு?

வேண்டுமென்றால் போய்ப் பாருங்கள். வேலியில்தான் கட்டியிருக்கிறது.