ராக்கன் சொன்னால்தான் கேட் திறக்கும்

கீரனூரில் உதயசூரியன் தன் வீட்டு மாடியில் ஓடும் பொம்மை ரயிலுக்கு விரல் நீளத்தில் ஒரு கேட் செய்து, அதை முதன்முதலாக மூடிய ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, வீட்டு முன்னால் திருச்சி சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு பேருந்தும் இரண்டு லாரிகளும் ஒரு சைக்கிளும் அப்படியே நின்றன. என்ஜின் ஓடியது, சக்கரம் உருளவில்லை. மாடியில் ரயில் போய்ச் சேர்ந்து கேட் திறந்த பிறகுதான் நகர்ந்தன. நடந்து போகிறவர்களுக்கும் ஆடு மாடுகளுக்கும் தடை இல்லை. முதல் மாதம் ஓட்டுநர்கள் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் அந்த இடத்தில் ஒருவர் வேர்க்கடலை விற்க ஆரம்பித்தார். ஆறாம் மாதம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

உதயசூரியனுக்குத் திருச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வாரம் ஆறு நாள் பஸ்ஸில் போய்வருகிறவர். ரயிலையும் தண்டவாளத்தையும் குவைத்திலிருந்து சுமந்துவந்தவர் அவருடைய சிநேகிதர் செம்மல். ஆகவே ஓட்டுகிற உரிமை அவருக்கு. இன்னொரு சிநேகிதர் ராக்கன், பஸ் ஸ்டாண்டில் வாழை இலை வியாபாரி. முன்னறையில் கீரனூர் ஸ்டேஷன், பின்னறையில் புதுக்கோட்டை ஸ்டேஷன், நடுச்சுவரில் ரயில் நுழைய ஒரு துளை. இந்த அறையில் இருப்பவருக்கு அந்த அறை தெரியாது. அதனால் மூவரும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: புதுக்கோட்டை ஸ்டேஷன் மாஸ்டரான ராக்கன் கடைசிப் பெட்டி வரை கண்ணால் பார்த்து, “வண்டி வந்துருச்சு” என்று குரல் கொடுத்த பிறகே கீரனூர் மாஸ்டரான உதயசூரியன் கேட்டைத் திறக்கலாம். ராக்கனோ அவசரப்படுகிற ஆள் இல்லை. பெட்டிகளை எண்ணுவார், கடைசிப் பெட்டியின் முதுகிலுள்ள பெருக்கல் குறியைக் குனிந்து பார்ப்பார், கொஞ்சம் தூசி ஊதுவார், பிறகு தொண்டையைச் செருமுவார். அதற்குள் கீழே ஹாரன் காதைப் பிளக்கும்.

நாலு வருஷம் பொறுத்த உதயசூரியன், போன தை மாதக் கடைசி ஞாயிறு, ராக்கனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், புதுக்கோட்டை ஸ்டேஷனின் தண்ணீர்த் தொட்டியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கேமராவை ஒட்டிவைத்தார். போனில் பார்த்துச் சட்டென்று கேட்டைத் திறந்துவிடலாம் என்பது கணக்கு. ரயில் சுவருக்குள் நுழைந்த நேரம் போனில் ராக்கனின் ஒற்றைக் கண் திரை நிறையத் தெரிந்தது. அது இரண்டு முறை இமைத்தது. பிறகு ராக்கன் முன்னறை வழியாக, யார் முகத்தையும் பார்க்காமல், உதயசூரியனின் மனைவி சிவரஞ்சனி ஆற்றிவைத்த டீயையும் தொடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ரயில் புதுக்கோட்டையில் வந்து நின்றது போனில் தெளிவாகத் தெரிந்தது. உதயசூரியன் கேட்டைத் திறந்தார். சாலை அசையவில்லை. மூடித் திறந்தார். “வண்டி வந்துருச்சு” என்று தானே கத்தியும் பார்த்தார். பால்கனியிலிருந்து சிவரஞ்சனி, “என்னங்க, ஒண்ணும் நகரலயே! மணமேல்குடி மாப்பிள்ளை வேன் வேற நிக்கிது. பன்னண்டு மணியோட முகூர்த்தம் முடியுதாம்” என்றாள். அந்த வேனுக்கு முன்னால் ராக்கனின் மொபெட்டும் நகராமல் நின்றது. அதை விட்டுவிட்டு நடக்க மனமில்லாமல், கையைக் கட்டிக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார் ராக்கன்.

உதயசூரியனுக்கு மாப்பிள்ளையைப் பற்றிய கவலை பாதிதான். ராக்கன் இப்படியே போய்விட்டால் பின்னறை என்ன ஆகும், ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்பதுதான் மீதி. பின்னறைக்குப் போய்க் கேமராவைப் பிய்த்தெடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே ஓடினார்.

“கேமராவக் கழட்டிட்டேன்டா.”

“நீதான் பாத்துட்டீல்ல. நீயே சொல்லிக்க.”

“சொல்லிப் பாத்தேன். ஒரு சைக்கிளு கூட நகர மாட்டேங்குது.”

ராக்கனுக்குச் சிரிப்பு வந்தது. கஷ்டப்பட்டு அடக்கினார். “நாலு வருசத்துல ஒரு நா பொய் சொல்லியிருக்கனாடா?”

“இல்ல. தப்பு எம்மேலதான். நீ இல்லாட்டி அந்த ரூமுல எனக்கு என்னடா இருக்கு? மேல வா.”

வேன் ஜன்னலிலிருந்து மாலையோடு ஒரு தலை நீண்டது. “அண்ணே, சட்டுப்புட்டுன்னு ராசியாகுங்கண்ணே. அங்க பொண்ணு ஒக்காந்திருக்கு.”

ராக்கன் சாலையில் நின்றபடியே கத்தியிருக்கலாம். ஆனால் பார்க்காததைச் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. படியேறிப் பின்னறைக்குள் போனார். உதயசூரியன் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். உள்ளே ராக்கன் அன்றைக்கு வழக்கத்தைவிட நிதானமாகவே எண்ணினார். கீழே ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. “வண்டி வந்துருச்சு!” என்று குரல் வந்தபோது உதயசூரியன் வெட்கமில்லாமல் அழுதார், அழுதுகொண்டே கேட்டைத் திறந்தார். கீழே சக்கரங்கள் உருண்டன. முகூர்த்தம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போதே தாலி ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது.

அதற்குப் பிறகு வண்டி ஓடுகிற நேரத்தில் உதயசூரியன் பின்னறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. போன மாதம் கரண்ட் போய் ரயில் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. கீழே நின்ற பேருந்தின் நடத்துனர் கழுத்தை நீட்டி, “ராக்கண்ணே, வந்துருச்சா?” என்று மாடியைப் பார்த்துக் கேட்டார். “இன்னும் வரல” என்றார் ராக்கன். அண்ணன் சொல்லிவிட்டார் என்று ஓட்டுநர் என்ஜினை அணைத்தார். பயணிகள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.