பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

காருக்கு ஆயில் மாற்றப் போய், ஸ்பேனர் வழுக்கியதில் அத்தானின் விரல் முட்டி தோலுரிந்தது. அதைவிட மோசம், ஆயிலை வடிக்கக் கழற்ற வேண்டிய ஆறு மூலை போல்ட் கோலிக்குண்டு போல உருண்டு போயிருந்தது. அப்போதாவது விட்டாரா? ஒரு இரும்புக் குழாயை ஸ்பேனரில் மாட்டி மூன்று முறை ஓங்கித் தட்டினார். போல்ட் அரைச் சுற்று சுற்றி, கழற்றவும் முடியாமல் இறுக்கவும் முடியாமல் சிக்கிக்கொண்டது. ஆயில் மட்டும் சாவகாசமாகச் சொட்டியது.

கார் கொழுந்தியாளுடையது. அதை வைத்துத்தான் அவள் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறாள். "இதுக்கெல்லாம் ஒர்க்‌ஷாப்பா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று வலியப் போய்ச் சாவியை வாங்கியது அத்தான்தான்.

ஸ்பேனர் வாங்கப் போனபோதே கடைக்காரர் இரண்டை எடுத்துக் காட்டியிருந்தார். ஒன்று, போல்ட்டைச் சுற்றிலும் கவ்வும் ஒற்றைப் பதினாலாம் நம்பர் ரிங் ஸ்பேனர். பார்க்க ஒரு களையும் இல்லை. மற்றது, வெல்வெட் மெத்தையில் ஒரு ஸ்பேனர் படையே படுத்திருந்த சிவப்புப் பெட்டி.

"சார், பெட்டி பாக்கறதுக்கு நல்லாருக்கும். போல்ட்டுக்கு இந்த ரிங்குதான்."

விலை ஒன்றுதான். அத்தான் பெட்டியைத்தான் தூக்கி வந்தார். உள்ளே இருந்த ஸ்பேனர் முதல் திருப்பிலேயே வாயைப் பிளந்துவிட்டது.

காரை வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்கள். கொழுந்தியாள் அடுத்த அறையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் போன் போட்டாள். "இந்த வாரம் இல்லம்மா. உனக்கு லைசென்ஸ் டெஸ்ட் வருது, தெரியும். ஸாரிம்மா." அத்தான் இந்தப் பக்கம் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார்.

"பரவாயில்ல அத்தான்," என்றாள் வெளியே வந்து.

"போல்ட்டுதானே," என்றாள் மனைவி.

"எல்லாருக்கும் நடக்கறதுதான் சார்," என்றார் மெக்கானிக்.

நாலு வசவு வாங்கியிருந்தால் அன்றைக்காவது தூக்கம் வந்திருக்கும். எல்லாரும் சேர்ந்து மன்னித்தே அவரைக் கொன்றார்கள்.

கார் திரும்பி வந்த அன்று அவர் கடைக்குப் போய் அந்தக் களையில்லாத ரிங் ஸ்பேனரை வாங்கி வந்து கொழுந்தியாளிடம் நீட்டினார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அடுத்த தடவை... ஆயில் நான் மாத்தட்டுமாம்மா?"

மனைவிக்குத் திடீரென்று சமையலறையில் வேலை வந்துவிட்டது. கொழுந்தியாள் ஸ்பேனரைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"பரவாயில்லன்னு சொல்லாதே," என்றார் அத்தான். "நெஜத்தச் சொல்லு."

"வேண்டாம் அத்தான். இது இருந்தா நானே மாத்திக்குவேன். ஸ்பேனர் வழுக்குனதுக்கு எனக்குக் கோவமே இல்ல. அன்னிக்கு நான் மாடியிலதானே இருந்தேன்? கூப்பிட்டிருந்தா இறங்கி வந்திருப்பேன். என்னைக் கூப்பிட வெக்கப்பட்டுக்கிட்டு என் வண்டியப் போட்டு அடிச்சீங்க பாருங்க, கோவம் அதுக்குத்தான்."