மடிப்பில் இறங்கிய மை

"மங்கிப்போன கையெழுத்து மேல நாம எழுதினா, அது யாரு கையெழுத்துப்பா?"

எட்டு வயதில் அவள் கேட்டாள். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே அப்பா சொன்னார்: "எழுதினவனோடது. அதுக்குப் பேரு மோசடி." அதற்குள் அவள் எழுதி முடித்திருந்தாள்.

இன்று அந்த லென்ஸின் கயிற்றை அப்பாவின் கழுத்திலிருந்து கழற்றினாள். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். சுவரெங்கும் நட்சத்திரங்கள் கையெழுத்திட்ட பழைய சினிமா போஸ்டர்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் நான்கே பேர்.

அண்ணன் இறப்புச் சான்றிதழை மடித்தான். "அப்பா இருந்திருந்தா டாக்டர் கையெழுத்தையும் லென்ஸ் வச்சுப் பார்த்திருப்பாரு."

அப்போதுதான் ஆபரேட்டர் மாமா படியேறி வந்தார். தியேட்டரில் படம் ஓட்டியவர். ஒரு காலத்தில் அப்பாவின் ஒரே சிநேகிதர். கட்டிலருகே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன் அவர் ஒரு போஸ்டரை, கையெழுத்து அசலா என்று பார்த்துச் சொல்ல அப்பாவிடம் கொடுத்திருந்தார். படத்தின் நூறாவது நாளில் கதாநாயகி அவருடைய மெஷின் அறைக்கே வந்து கையெழுத்திட்டது. மறுநாள் நாலு பேர் முன்னால் அப்பா தீர்ப்புச் சொன்னார்: "மடிப்பு வெடிச்ச கோட்டுக்குள்ள மை இறங்கியிருக்கு. மடிச்சதுக்கு அப்புறம் எழுதினதுதான் அப்படி இறங்கும். நேத்து எழுதினது. நீயே போட்டியாடா?"

"உன்கிட்ட குடுக்கறப்ப அசல்டா. மாத்திட்டு என்னையே கேக்கறியா?"

அதன்பின் மாமா இந்தப் படியேறவில்லை. அப்பா அசல் போஸ்டரைத் திருடிவிட்டார் என்ற பேச்சு மட்டும் ஊரைச் சுற்றியது. போஸ்டர் சேர்ப்பவர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். அப்பா சாயங்கால டீயைத் தனியாகக் குடிக்கப் பழகிக்கொண்டார்; படியில் காலடி கேட்டால் மட்டும் டம்ளரைக் கீழே வைப்பார்.

நாலு மணிக்கு அப்பாவை எடுத்துப்போக வண்டி வந்துவிடும். இறைவன் இந்த மனிதரை இன்று படியேற்றிவிட்டதற்கு வேறு காரணம் இருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. பாதிப் படியில் ஓடிப்போய் நிறுத்தினாள்.

"மாமா, அந்த போஸ்டர்ல பேனா ஓட்டினது நான்தான்."

"என்னம்மா சொல்ற?"

"எழுத்து மங்கிக் கிடந்துச்சு. பளிச்சுன்னு தெரியட்டுமேன்னு எழுதிட்டேன். பயத்துல சொல்லல. அப்புறம் சொல்ல முடியல. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அவளைத் திட்டவில்லை.

"திருடன்னு சொல்லிட்டனே பாப்பா. போற இடமெல்லாம் சொன்னேனே."

அவர் மேலே வாசலை நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி எப்ப?"

"நாலு மணிக்கு."

அவள் மேலே போனாள். "அண்ணா, எல்லாரும் காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல. கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடு. நான் பார்த்துக்கறேன்."

அவர்கள் இறங்கிப் போனதும் மாமாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். வெளியே படியில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து எதுவும் கேட்கவில்லை. கேட்க அவள் முயலவுமில்லை.

வெகுநேரம் கழித்து மாமா வந்தார். அவள் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அவள் உள்ளே போனாள். சுவரோரம் கிடந்த நாற்காலி, அப்பாவின் தலைமாட்டில், உட்கார்ந்தால் முழங்கால் கட்டிலில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிக் கிடந்தது.