மூன்றாம் குழாய்க்கு மஞ்சள் தண்ணீர்

எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கு ஒரு பூட்டு வாங்க மனசு வரவில்லை. மூன்றாம் குழாயின் மூடிப் பூட்டைப் புல்வெட்டும் மெஷின் உடைத்துப் போட்டு வருஷத்துக்கு மேலாகிறது. போகும்போதெல்லாம் கேட்பேன். "பாக்கலாம்லா தினேசு, அந்த ஓட்டைய யாரு தூக்கிட்டுப் போகப் போறா?" என்பார். நானும் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிவிட்டு வந்துவிடுவேன். நாசமாய்ப் போன கயிறு.

பழைய தொழிற்சாலையின் லோரிக் கொட்டகைக்கு அடியில் ஒரு காலத்தில் டீசல் தொட்டிகள் புதைந்திருந்தன. துருப்பிடித்து ஒழுகவும் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஒழுகின டீசலை யார் எடுப்பது? அது மண்ணுக்குள்ளேயே சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கக் கொட்டகைக்கும் தொழிலாளர் லயத்துக்கும் நடுவே மண்ணுக்குள் மூன்று சோதனைக் குழாய்களை இறக்கியிருக்கிறார்கள். மாதாமாதம் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலையேறி வந்து, அவற்றில் தண்ணீர் எடுத்து லேப்புக்கு அனுப்புவது என் வேலை. மூன்றாம் குழாய்க்குக் கீழேதான் லயத்துக் கிணறு. கிணற்றை யாரும் தனியாகச் சோதிப்பதில்லை. மூன்றாம் குழாய் சுத்தமென்றால் கிணறும் சுத்தம் என்பது ஆபீஸின் முடிவு.

அந்த லயத்தில்தான் என் தங்கச்சி ரூபினி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போன வருஷம் அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அப்போது மூன்றாம் குழாயில் டீசல் இருந்தது. கிணற்றை மூடி, லயத்துக்குத் தண்ணீர் லோரி விட்டிருந்தார்கள். அப்புறம் ரிசல்ட் மெல்ல மெல்ல நல்லதாக வந்தது. லோரியை நிறுத்திக் கிணற்றைத் திறந்தார்கள். ரூபினி மறுபடி உண்டானபோது, "பயப்படாத புள்ள, தண்ணி சுத்தமா இருக்கு, நான்தானே பாக்குறேன்" என்று சொன்னேன். இப்போது ஏழாம் மாசம்.

எப்போதும் செவ்வாய்க்கிழமை போவேன். இந்தத் தடவை ரிங்லெட் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. சனிக்கிழமைதான் மேலே வர முடிந்தது. ஓயாத தூறல். கயிற்றை அவிழ்த்துக் குப்பியைக் குழாய்க்குள் இறக்கித் தூக்கினேன். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மலைமண்ணின் மஞ்சள் எனக்குத் தெரியும், இது அதில்லை. மோந்து பார்த்தேன். சமையல் மஞ்சள். குப்பியின் வாயில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் குளிரில் வேப்பமரம் ஏது? மரம் தாப்பாவில் என் வீட்டு வாசலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாமிக்கு வேண்டும் என்று ரூபினி கேட்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டு ஒடித்துக் கொண்டுவந்து கொடுப்பவன் நான். அன்றைக்கும் பையில் ஒரு கட்டு இருந்தது.

குழாயிலிருந்து இறைக்க ஆரம்பித்தேன். அங்கே களிமண், ஊற்றினது லேசில் போகாது, குழாயைச் சுற்றியே நிற்கும். வழக்கமாக இறைப்பதை இறைத்தும் மஞ்சள் போகவில்லை. கை மரத்துப்போகும்வரை இறைத்தேன். கடைசியில் தண்ணீர் தெளிந்தது. தெளிந்த தண்ணீரில் டீசல் நாறியது.

லயத்துக்கு ஓடினேன். ரூபினி எனக்காகக் கேத்தலை அடுப்பில் வைத்திருந்தாள். வேப்பிலைக் கட்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"மூணாங் குழாயில நீ என்னம்மா ஊத்துன?"

அவள் மறைக்கவில்லை. முகம்கூட மலர்ந்தது.

"அம்மை எறங்குனா மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்கு ஊத்துறோம்ல? மண்ணுக்கும் நோவுதானே அண்ணே. மொதப் புள்ள போனதுலேருந்து வெள்ளிக்கிழம தவறாம ஊத்துறேன். ஆத்துல மொண்டு, வாளி வாளியா. கயிறுதானே, அவுத்துக் கட்டுறது லேசு. ஊத்த ஊத்த, 'நல்லாயிட்டு வருது'ன்னு நீதானே வந்து சொன்ன."

வெள்ளிக்கிழமை ஊற்றின மஞ்சள் செவ்வாய்க்குள் அடியில் படிந்துவிடும். மாதாமாதம் நான் லேப்புக்கு அனுப்பினது அவள் சுமந்து ஊற்றின ஆற்றுத் தண்ணீரை. அதை நம்பித்தான் லோரியை நிறுத்தினார்கள், கிணற்றைத் திறந்தார்கள். என்னை நம்பி அவள் குடித்தாள். கிணற்றுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கேத்தல் கொதித்தது. அவள் தேத்தண்ணி கலக்கப் போனாள். நான் கேத்தலைப் பிடுங்கிப் போய் வாசலில் கொட்டினேன்.

"இனிமே இந்தத் தண்ணியத் தொடாத. நீ ஊத்துன தண்ணியத்தான் நான் சோதிச்சிருக்கேன். டீசல் எங்கயும் போகலம்மா, அடியிலதான் இருக்கு."

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த வேப்பிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உள்ள இருக்கற புள்ளைக்கு எந்தத் தண்ணி ஊத்தறது அண்ணே?" என்று கேட்டாள்.