ரென் விக்கினால் பைஜாமா நாள் கிடையாது

1

இது திருட்டுக் கதை. பக்கத்து வீட்டு கார்லா போஸ்ட்மா போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை தன் வாசலில் பனி அள்ளிக்கொண்டே சொன்னாள். நான் என் வாசலில் அள்ளிக்கொண்டே கேட்டேன். சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். முடிக்கும்போது மூக்கு சிவந்திருந்தது. குளிர் என்று வைத்துக்கொள்வோம்.

"எழுதிக்கவா?" என்றேன்.

"எழுதிக்க. என்னைய மட்டும் தியாகி ஆக்கிடாத" என்றாள்.

கார்லா முதல் வகுப்பு ஆசிரியை. மிச்சிகனின் மேற்குக் கரையில், ஒரு ஊறுகாய் ஆலையும் நான்கு தேவாலயங்களும் உள்ள எங்கள் ஊரில், பத்தொன்பது வருடமாக ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, மூக்குத் துடைத்து, ஷூ லேஸ் கட்டிவிடுகிறாள். நான் இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இங்கே எல்லோரும் எல்லோருடைய கதையையும் எடுத்துக்கொள்வார்கள். நான் எழுதியும் வைக்கிறேன், அதுதான் வித்தியாசம்.

முன்கூட்டியே ஒன்று. இந்தக் கதையில் துப்பாக்கி வராது. துப்பாக்கியோடு எவனாவது வந்துவிட்டால் என்ன செய்வதென்று ஒரு பள்ளிக்கூடம் ஒத்திகை பார்க்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் நான்கு நாள் போயிற்று.

"அந்தக் காலையில் வானம் சாம்பல் நிறத்தில் கனத்து—" வேண்டாம். மிச்சிகனில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானம் அந்த நிறம்தான். அதில் சேதி ஒன்றும் இல்லை.

"இந்த நாட்டில் ஆண்டுதோறும் எத்தனை பள்ளிகளில்—" இதையும் அடித்துவிட்டேன். சொந்த ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் "அங்கெல்லாம் ஸ்கூலுக்குள்ளயே சுடுறாங்களாமே" என்று கேட்கும்போது, "அங்க மழை பெஞ்சுதா?" என்று பேச்சை மாற்றுகிற ஆள் நான். புள்ளிவிவரம் எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

"இருட்டில் தலைகளை எண்ணிக்கொண்டு வந்த கார்லாவுக்குப் பதினேழோடு பிள்ளைகள் தீர்ந்துபோனார்கள்." இது நல்ல தொடக்கம். எனக்கே பிடித்திருந்தது. ஆனால் குறைகிற அந்தப் பதினெட்டாவது பிள்ளையை இன்னும் உங்களுக்கு அறிமுகமே செய்யவில்லை. தெரியாத பிள்ளை காணாமல் போனால் யாருக்கு வலிக்கும்?

3

பதினெட்டாவது பிள்ளையின் பெயர் ரென் டைக்கமா. முன்பல் இரண்டும் விழுந்து, புதுசு இன்னும் முளைக்காத வயது. அம்மா ஊறுகாய் ஆலையில் ஜாடி மூடிகளைச் சரிபார்க்கிறாள். ரென்னிடம் ஒரே ஒரு கோளாறு. "சத்தம் போடாதே" என்று சொன்னால் அவளுக்கு விக்கல் வரும்.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. கதைக்குத் தோதாக ஒரு குறையோடு பிள்ளை அமைந்தால் வாசகர்கள் சும்மா விடுவார்களா? கார்லாவைக் கூப்பிட்டு, "நெசமாவே விக்குவாளா?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்து பாரு. ஜெபம் பண்ணலாம்னு பாஸ்டர் கண்ண மூடினாப் போதும்" என்றாள். ஆகவே ரென் இருக்கட்டும்.)

விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் சொல்வோம். இந்த ஊரில் அப்படி யாரும் சொல்வதில்லை. ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் கொடுக்கிறார்கள். ஊறுகாய்த் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். பின்னாலிருந்து பயமுறுத்தினால் நின்றுவிடும் என்றும் சொல்கிறார்கள். ரென்னுக்குப் பயத்தில்தான் வருகிறது என்பதால் அந்த வைத்தியத்தைக் கழித்துவிடலாம்.

4

கேரி பூர்ஸ்மா, தலைமையாசிரியர். கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டபோது முதலில் இவரைத்தான் பிடித்தேன். ஆள் சரிப்பட்டு வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளைகளின் உயரத்துக்குக் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோன மனிதர், வில்லனாக நிமிரச் சொன்னால் எப்படி நிமிர்வார்?

ஆனால் பைஜாமா யோசனை அவருடையதுதான். ஒத்திகை முடிந்து விளக்கைப் போடும்போது பிள்ளைகளின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. சில பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும். ஒரு பையன் கால்சட்டையை நனைத்திருப்பான். பயத்தை விளையாட்டாக மாற்றிவிட்டால் என்ன என்று யோசித்தார். ஒத்திகையின்போது சத்தமே வராத வகுப்புக்கு மறுநாள் பைஜாமா நாள். இரவு உடுப்பிலேயே பள்ளிக்கு வரலாம், கரடி பொம்மையைக் கொண்டுவரலாம், சூடான சாக்லேட் உண்டு. ஆசிரியர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். கார்லாவும் தட்டினாள்.

அதுவரை பிள்ளைகள், அமைதியாக இல்லாவிட்டால் ஏதோ கெட்டது நடக்கும் என்று மட்டும் நினைத்திருந்தார்கள். இப்போது ஒரு நல்லதும் கைவிட்டுப் போகும் என்று தெரிந்துகொண்டார்கள். பிள்ளைகளின் கணக்கில் இரண்டாவதுதான் பெரியது. (இதைக் கட்டுரையாக நீட்டி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கேரி படித்தால் வருத்தப்படுவார் என்று கிழித்துவிட்டேன்.)

செப்டம்பரில் ஒரு விக்கல். நவம்பரில் ஒரு விக்கல். இரண்டு முறையும் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் டைனோசர் படம் போட்ட பைஜாமாவில் வராந்தாவில் ஊர்வலம் போனார்கள். கார்லாவின் பிள்ளைகள் கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் திரும்பி ரென்னைப் பார்த்தார்கள்.

5

பிப்ரவரி ஒத்திகைக்கு முந்தின நாள் வீட்டுக்குக் கடிதம் போயிற்று: நாளை காலை பத்தே கால் மணி, பதற வேண்டாம். பதறக்கூடாது என்பதற்காகப் பெற்றோர் பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸில் கூடிப் பேசினார்கள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு ரென் கை தூக்கினாள். பாத்ரூம். கார்லா தலையசைத்தாள். ரென், வெளியே போக அனுமதி உண்டு என்று காட்டும் மரச்சீட்டை எடுத்துக்கொண்டு ஒழுங்காகக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த கார்லாவுக்கு, ஒத்திகைக்கு இன்னும் ஐந்தே நிமிடம் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒலிபெருக்கியில் கேரியின் குரல் வந்தது. கார்லா கதவைப் பூட்டினாள், கண்ணாடிமேல் கறுப்புத் தாளை இறக்கினாள், விளக்கை அணைத்தாள். கோட்டு மாட்டும் மூலையில் பிள்ளைகளை உட்காரவைத்தாள். ஆபத்துக்கென்று வைத்திருக்கும் சிவப்பு வாளியில் தண்ணீர், கட்டுத்துணி, யாருக்காவது அடக்க முடியாமல் ஒன்றுக்கு வந்தால் கொட்டப் பூனை மணல், எல்லாவற்றுக்கும் மேலே லாலிபாப். வாயில் லாலிபாப் இருந்தால் பேச்சு வராது என்பது பத்தொன்பது வருட அனுபவம். ஆளுக்கொன்று கொடுத்தாள்.

அப்படி ஒரு அமைதி அந்த வகுப்பில் அதற்குமுன் இருந்ததில்லை. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் தலைகளை எண்ணினாள்.

"ரென் எங்க?" காதோடு கேட்டாள்.

ஓட்டிஸ் லாலிபாப்பை வெளியே எடுத்தான். "பாத்ரூம்ல மிஸ்."

"இன்னுமா?"

"அங்கதான் இருப்பா. நாங்க முடிவு பண்ணிட்டோம்."

"யாரு நாங்க?"

"எல்லாரும். திங்கக்கிழமை நம்ம கிளாஸ் மீனுக்குப் பேரு வெக்கச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, கை தூக்கி எண்ணணும்னு. அதே மாதிரி பஸ்ல எண்ணினோம்."

பக்கத்திலிருந்த ஹேஸலுக்கு அவன் சொன்ன விதம் பிடிக்கவில்லை. "யாரும் அவளப் பிடிச்சுத் தள்ளல மிஸ். அவதான் மொதல்ல கை தூக்கினா."

"அவ தனியா இருப்பாளேம்மா."

"டாய்லெட் மேல ஏறி நிப்பா. கதவுக்குக் கீழ கால் தெரியாது. நீங்கதான சொன்னீங்க?" ஹேஸல் லாலிபாப்பை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். வைத்தபடியே, கார்லாவின் முழங்காலைத் தட்டிச் சமாதானப்படுத்தினாள். "இப்ப நம்ம எல்லாரும் சேஃப் மிஸ்."

கார்லா இதைச் சொல்லும்போதுதான் அதிகமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6

விதி தெளிவானது. பூட்டிய கதவை உள்ளே இருப்பவர் திறக்கக்கூடாது. வெளியே யார் தட்டினாலும், யார் அழுதாலும். தலைமையாசிரியர் தன் சாவியால் திறக்கும்வரை அது கதவே இல்லை, சுவர். கார்லாவே இதைப் பிள்ளைகளுக்குப் பாட்டுப்போலச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஒத்திகைதானே, திறந்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்பீர்கள். அவள் திறந்தால், இந்தக் கதவு திறக்கும் என்று பதினேழு பேர் கற்றுக்கொள்வார்கள். திறக்காவிட்டால் அவர்கள் கற்றுக்கொள்வதை என்னால் எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்தேன். "பதினொரு நிமிடம் கார்லா அசையாமல்—" என்று தொடங்கி, பதினோராவது நிமிடத்துக்குப் போய்ச் சேர எனக்குத் திராணி இல்லை.

இன்னொரு முடிவும் எழுதினேன். "அப்போது இருட்டில் முதல் விக்கல் ஹேஸலிடமிருந்து வந்தது. பிறகு ஓட்டிஸ். பிறகு ஒவ்வொருவராக, வேண்டுமென்றே, பதினேழு பேரும்—" என் சிநேகிதி ஒருத்தி இதைப் படித்துவிட்டு அழுதாள். கார்லாவுக்குப் படித்துக் காட்டினேன். "சாக்லேட்ட விட்டுக்குடுக்கிற ஆறு வயசுப் பிள்ளைய நீ எங்க பாத்த?" என்றாள். அடித்துவிட்டேன். இன்னும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் உங்கள் கண்ணில் படும்படி விட்டுவைத்திருக்கிறேன்.

7

நடந்தது இது. கார்லா கதவைத் திறந்தாள்.

வராந்தாவில் கேரி கையில் அட்டையோடு ஒவ்வொரு கதவின் கைப்பிடியையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கார்லா, உள்ள போ" என்று கிசுகிசுத்தார்.

"ஒரு பிள்ள வெளிய இருக்கு."

"தெரியும். பாத்ரூம்ல விக்கல் கேக்குது. குறிச்சுட்டேன்." அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீ இப்ப செத்துட்ட, தெரியும்ல? உன்னையும் குறிக்கணும்."

"குறிச்சுக்கங்க கேரி. செத்தவ பாத்ரூம் போயிட்டு வர்றேன்."

அவர் குறித்துக்கொண்டார். பிறகு அவள் வகுப்புக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டிவிட்டதா என்று ஆட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், விதியும் தெரிந்தவர்.

(அன்று அந்த வகுப்பு தோற்றது. விக்கலால் இல்லை, பாத்ரூம் சத்தம் வகுப்புக் கணக்கில் வராது; ஆசிரியை எழுந்து போனதால். பைஜாமா நாள் மறுபடியும் போயிற்று. ஓட்டிஸ் இரண்டு நாள் கார்லாவோடு பேசவில்லை.)

பாத்ரூமில் மூன்றாவது கதவுக்குப் பின்னால் ரென் டாய்லெட் மூடியின்மேல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். விக்கல் வரும்போதெல்லாம் மொத்த உடம்பும் தூக்கிப்போட்டது. கார்லாவைப் பார்த்ததும் அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கார்லாவும் எதிர்பார்த்தாளாம். ரென் கையை எடுத்துவிட்டு அவளைத் திட்டினாள்.

"நீங்க ஏன் மிஸ் தெறந்தீங்க? தெறக்கக் கூடாதுல்ல?"

"உன்னயக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"இன்னிக்கு சும்மா. அதனால பரவால்ல." ஒரு விக்கல். "நெசமா வந்தா தெறக்காதீங்க. அவங்க பதினேழு பேரு. நான் ஒருத்திதான்."

வலது கைச் சுண்டுவிரலை நீட்டினாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் சுண்டுவிரலில் சுண்டுவிரல் கோர்த்துச் சொன்னால் அது மீற முடியாத சத்தியம்.

"ப்ராமிஸ் பண்ணுங்க மிஸ்."

8

அதற்குக் கார்லா என்ன சொன்னாள்?

"நிஜமாக எவனும் வரமாட்டான்" என்று எழுதினேன். அப்படியென்றால் எதற்கு ஒத்திகை என்று ரென் கேட்பாள். "உனக்காக எப்போதும் திறப்பேன்" என்று எழுதினேன். உள்ளே இருக்கும் பதினேழு பேரின் அம்மாக்களும் என் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். விரலைக் கோர்த்துச் சத்தியம் செய்வதுபோலவும் எழுதினேன். அந்தத் தாளை இப்போது எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடப்போவதும் இல்லை.

கடைசியில் நேற்று கார்லாவிடமே கேட்டேன். "நீ என்னதான் சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. தூக்கிட்டு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் அவ விரல மடக்கவே இல்ல."

"என்ன சொல்லியிருக்கணும்?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்கிட்ட எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றாள். "நீ எழுதுறவளாச்சே, கண்டுபிடிச்சுச் சொல்லுவன்னு பாத்தேன்."

நான் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த ஒத்திகை ஏப்ரல் ஒன்பது, வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணி. ஆசிரியர்களுக்குத் தேதி வந்துவிட்டது. ரென் மறந்திருக்க மாட்டாள். கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சொல்லும்படி இருக்க வேண்டும். அது பொய்யாகவும் இருக்கக்கூடாது.

கார்லா சொன்னாள்: "                                        "