ஜோடிக் கணக்கு

கால் பக்கம் மகள் பிடித்துக்கொண்டாள், தோள் பக்கம் அம்மா. வெட்டிப் போட்ட கரும்புக்கு நடுவே அப்பாவைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறுவது சுலபமாக இல்லை. காய்ந்த கரும்பு இலைச் சோகை காலடியில் வழுக்கியது. அடிக்கு அடி அம்மா "பாத்து, பாத்து" என்றாள். அது மகளுக்குச் சொன்னதா அப்பாவுக்குச் சொன்னதா தெரியவில்லை. அப்பா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. விடிந்ததிலிருந்து வெயிலில் வெட்டிய மனிதருக்குப் பொட்டு வேர்வை இல்லை. அதுதான் மகளைப் பயமுறுத்தியது.

மேட்டில் லோடு ஏற்றிய டிராக்டர் ஆலைக்குக் கிளம்பத் தயாராக நின்றது. வேறு வண்டி கிடையாது. ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்து தோள் கொடுத்தார். கரும்பை இரண்டு பக்கமும் ஒதுக்கி, ஆள் படுக்கும் அளவுக்குப் பள்ளம் பண்ணி, அதில் அப்பாவைக் கிடத்தினார்கள். அம்மா தலைத்துண்டை அவிழ்த்து நனைத்து அவர் நெஞ்சில் போட்டாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கரும்பு வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வருவதற்குள் பத்துப் பேரின் ஒருநாள் வேலையை முடித்துவிடும். சேற்று நிலமும் சரிவும் மூலை முடுக்கும் அதற்கு ஆகாது. கையால் வெட்டுகிறவர்களுக்கு இப்போது மிச்சம் அவைதான். மெஷினின் சொந்தக்காரர் அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். ஆலையை அரசாங்கம் விற்ற வருடம் அவருக்குக் கடன் கிடைத்தது, மெஷின் வந்தது, பிறகு மாடி வைத்த வீடு வந்தது. வட்டாரத்தின் சராசரி வருமானம் ஏறியிருக்கிறது என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்ததை மகள் ஒருமுறை வாசித்துக் காட்டினாள். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "அவனையும் என்னையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டாங்க. அந்தக் கணக்குல நானும் பணக்காரன்தான்" என்றார்.

வண்டி குலுங்கியபோது அவர் உதடு அசைந்தது. மகள் குனிந்தாள்.

"என்னையும் சேத்து எடை போடச் சொல்லு. கழிவுன்னு அவங்க பிடிக்கறதுக்குச் சரியாப் போகும்."

"பேசாம படுங்க" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஆலை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. அம்மா குதித்து இறங்கி, காவலாளியைக் கேட்காமலே உள்ளே ஓடினாள். அவளுக்கு வழி தெரியும். மகள் பிறந்ததே ஆலை ஆஸ்பத்திரியில்தான். அந்த நாளில் வெட்டுகிறவர்களுக்கு ஆளாளுக்கு அட்டை உண்டு, வாரத்தில் ஒருநாள் லீவு உண்டு, காய்ச்சல் என்று போய் நின்றால் ஊசி உண்டு. ஓடிய வேகத்திலேயே அம்மா திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டடம் இருந்தது. ஜன்னல்களில் திரைச்சீலை தொங்கியது, வாசலில் இரண்டு கார் நின்றது. வெளியூரிலிருந்து வரும் அதிகாரிகள் தங்கும் இடமாக அதை மாற்றி நாலு வருடம் ஆகிறது என்று பின்னாலேயே வந்த காவலாளி சொன்னார். நல்ல மனிதர்தான். தன் செல்போனிலேயே ஆம்புலன்சுக்கு அழைத்துப் பேசினார். டவுனிலிருந்து வர வேண்டும், கிளம்பிவிட்டது என்றார்கள்.

காத்திருந்தார்கள். வரிசை நகரும்போதெல்லாம் வண்டியும் ஓர் அடி நகர்ந்தது. அம்மா ஒரு கரும்புத் தோகையை மடித்து அப்பாவின் முகத்துக்கு விசிறினாள். மகள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் வெள்ளையாக எது வந்தாலும் எழுந்து நின்றாள். ஒரு தடவை பால் வண்டி. இன்னொரு தடவை யாருடைய காரோ. மறுபடி உட்கார்ந்து திரும்பியபோது அம்மாவின் கை நின்றிருந்தது. தோகை மடியில் கிடந்தது. அப்படித்தான் மகளுக்குத் தெரிந்தது.

அழ நேரம் இருக்கவில்லை. இவர்கள் முறை வந்துவிட்டது. ஆள் இருந்தால் எடை மேடையில் வண்டியை ஏற்றக் கூடாது, இறக்குங்கள் என்றார் எடைக்காரர். முறையை விட்டால் வாசலுக்கு வெளியே போய்க் கடைசியில் நிற்க வேண்டும். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் விஷயம் தெரிந்ததும் அடங்கி, அவர்களே இறங்கி வந்து அப்பாவைத் தூக்கிச் சுவரோரப் புல்லில் படுக்கவைத்தார்கள். ஆம்புலன்ஸ் அதுவரையும் வரவில்லை. லோடு இறங்கியதும் ஓட்டுநர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். காலி டிரெய்லரைத் துடைப்பத்தால் கூட்டி, தன் சட்டையைக் கழற்றி விரித்தார்.

"எடை எவ்வளவு காட்டுச்சு?" என்று அம்மா அவரிடம் கேட்டாள்.

அவர் தயங்கிவிட்டுச் சொன்னார். அம்மா தலையாட்டினாள். மகள் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் மண் போட்டாகிவிட்டது. பலகைக்கும் துணிக்கும் வெட்டுக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியே செலவு செய்தார். குழி வெட்ட ஆள் அனுப்பினார். எல்லாம் முடிந்ததும் அவர்களுடைய தார்ப்பாய்க் குடிசை முன்னால் ஒரு கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்து, அப்பாவின் வேலையைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார். தரையோடு ஒட்ட வெட்டுகிற அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை என்றார். பிறகு கொஞ்ச நேரம் செருப்பில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டினார்.

"பாதி வயல் நிக்குது தங்கச்சி."

"தெரியும்ணே."

"கம்பெனிக்கு ஜோடிக் கணக்குதான். ஒருத்தர் வெட்டணும், ஒருத்தர் கட்டணும். ஒத்தை ஆளுன்னா பேரையே எழுத மாட்டேங்கறான். பேரு இல்லன்னா குடிசையும் இல்ல. என் கையில ஒண்ணும் இல்ல."

மேஸ்திரியின் பார்வை வாசலில் நின்ற மகளிடம் போய்த் திரும்பியது.

"பொண்ணு நல்லா வளந்துட்டா."

"அவ படிக்கிறா" என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் சொல்லலயே." எழுந்துகொண்டார். "காலையில ஒரு பதில் சொல்லு."

அவர் போனதும் அத்தை ஆரம்பித்தாள். அப்பாவின் கூடப் பிறந்தவள், சாவுக்கென்று பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தவள். ஒரு சீசன்தானே, பள்ளிக்கூடம் எங்கே ஓடிவிடப் போகிறது, பெற்றவளைத் தெருவில் விட்டுவிட்டு என்ன படிப்பு என்று மகளின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். மகளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. லீவுக்கு வந்திருந்தவள், டவுன் விடுதியில் தன் கட்டிலை யாருக்குக் கொடுப்பார்கள் என்றுகூட யோசித்துவிட்டாள். 'நான் வரேம்மா, ஒரு சீசன்தானே' என்ற வார்த்தைகளை மனசுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். குரல் நடுங்காமல் வரும் என்று தோன்றியதும் அம்மாவைத் தேடிப் போனாள்.

அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். எதிரே ஒத்தை. போன வருடம் பெண்சாதி விட்டுவிட்டுப் போனதிலிருந்து அவனுக்கு அந்தப் பெயர்தான். ஜோடி இல்லாததால் வெட்டு கிடைக்காமல், லோடு ஏற்றுகிற இடத்தில் கூப்பிட்டால் போய்க் கொடுத்ததை வாங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் குழிக்குள் இறங்கி நின்று அப்பாவைத் தாங்கி வாங்கியவன் அவன்தான். கை கால் மண்ணைக் கழுவ வந்திருந்தான்.

"நாளையிலேர்ந்து என்கூட வெட்டறியா தம்பி?"

அவன் கழுவுவதை நிறுத்தினான். "அண்ணி, இன்னிக்குத்தான அண்ணன..."

"தெரியும்."

"ஊரு வாய் சும்மா இருக்காது."

"ஊரா வந்து எனக்குக் கட்டுத் தூக்கப் போவுது?" அம்மாவின் குரல் உயரவில்லை. "கூலி சரிபாதி. சோறு உனக்கும் சேத்து ஆக்கிடறேன். குடிசைக்குள்ள மட்டும் நீ கால் வைக்கக் கூடாது."

அவன் குழாயை மூடினான்.

"பாப்பாவ இதுல இழுக்காம இருக்கத்தான கேக்கறீங்க?"

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி அண்ணி" என்றான்.

மகள் வந்த வழியே திரும்பினாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று ஆனதும் நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. அதை உணர்ந்ததும் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. குடிசைக்குள் போய், அப்பாவின் பாயில் உட்காராமல், அதை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

அத்தைக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. போட்ட மண் இன்னும் காயவில்லை என்றாள். இதற்கா என் தம்பி இவ்வளவு வருடம் உழைத்துப் போட்டான் என்றாள். அம்மா பானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அத்தை தன் பையை எடுத்துக்கொண்டு, மகளிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல், கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

காலையில் அம்மா மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்திருந்தாள். டவுன் பஸ் வயலோரமாகத்தான் போகும். மூன்று பேரும் நடந்தார்கள். அம்மா முன்னால், ஒத்தை மிகவும் பின்னால், நடுவில் பையோடு மகள். மற்ற ஜோடிகள் வேலையை நிறுத்திப் பார்த்தன. யாரோ என்னவோ சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

நேற்று விட்ட இடத்திலேயே அம்மா இறங்கினாள். ஒத்தை கத்தியை எடுத்து, குனிந்து, முதல் கரும்பை வெட்டினான். மகள் சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, கட்டுவதற்காகச் சோகையில் திரித்துக் கீழே பரப்பிய கயிற்றைப் பார்த்தபடியே இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். அப்பா இடக்கைக்காரர். வெட்டியதைத் திரும்பிப் பார்க்காமலே அந்தப் பக்கம் கொடுப்பார், அம்மாவும் பார்க்காமலே வாங்கிக்கொள்வாள்.

ஒத்தை வெட்டிய கரும்பு அவளுக்கு வலப்பக்கம் போய் விழுந்தது. அடுத்ததும் அங்கேதான் விழுந்தது. அம்மாவின் கை விரித்தபடி அப்படியே இருந்தது. பிறகு அதை மடக்கிக்கொண்டு, கயிற்றை இழுத்துப் போட்டு, அந்தப் பக்கமாக மாறி நின்றாள்.