குழாய்க்கு வைத்த விருந்து

ஜார்ஜிய மலையில் இருக்கும் நாகரேவி ஊர்க்காரர்களுக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம் என்று பக்கத்துப் பள்ளத்தாக்கில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். ஆனால் வாசலுக்குள் வந்தவனை நாகரேவிக்காரன் ஒரு வார்த்தை கடிந்து சொன்னான் என்று இதுவரை எவனும் சொன்னதில்லை. எதிரியே வந்து கதவைத் தட்டினாலும் முதலில் ரொட்டி, அப்புறம் திராட்சை மது. அவன் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் சண்டை. இந்த ஒரு நல்ல குணத்தைப் பார்த்துத்தான் தோர்னிகே கை வைத்தான். அதை நினைத்தால் குலிகோவுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

விஷயம் இதுதான். காஸ்பியன் கடலில் எடுக்கிற எண்ணெயைத் துருக்கித் துறைமுகம் வரைக்கும் கொண்டுபோக மூன்று நாடுகள் சேர்ந்து குழாய் போடுவதாகப் பேச்சு. ஜார்ஜியாவுக்குள் அது எந்த வழியாகப் போவது என்பதில் இழுபறி. ஒன்று, தெற்கே மொட்டை மலைமேட்டு வழி. சுற்று, செலவு அதிகம், நடுவில் ராணுவ முகாம் வேறு. இன்னொன்று நாகரேவி வழி. கிட்டம், செலவு குறைவு. ஆனால் நாகரேவியில் பாறைக்குப் பாறை ஊற்று. அந்தத் தண்ணீரில் குளிக்கவும் அதைக் குடிக்கவும்தான் வெளியூர் ஜனம் வருகிறது. அதைப் புட்டியில் அடைத்துத்தான் பாதி ஊர் சாப்பிடுகிறது. மழைக்கு மண் சரிகிற மலை அது. குழாய் ஒரு தடவை உடைந்தால் போதும், ஊற்றும் போச்சு, ஊரும் போச்சு.

குலிகோ ஊராட்சித் தலைவி. ஊற்றுக் குளியல் விடுதியும் அவள் பொறுப்புதான். அளவெடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊரைக் கூட்டினாள். ஆற்றுப் பாலத்தில் ரமாஸின் மரம் ஏற்றும் லாரியைக் குறுக்கே நிறுத்திவிடுவது என்று முடிவாகி, அன்றைக்கே நிறுத்தியும் விட்டார்கள். லாரிக்காரன் ரமாஸுக்கு ஒரே சந்தோஷம். அவன் வாழ்க்கையில் அந்த லாரி உருப்படியாக ஒரு காரியம் செய்தது அதுவே முதல் தடவை.

அப்போதுதான் தலைநகரத்திலிருந்து தோர்னிகே வந்தான். துணை அமைச்சர். குழாய் வழிப் பேச்சுவார்த்தையில் நம் நாட்டுக்காக உட்காருகிறவன் அவன்தான். வெளியூர்க்காரன் இல்லை, நாகரேவியில் பிறந்தவன். தாயில்லாப் பிள்ளை, குலிகோவின் அடுப்படியில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

"அத்தே, லாரி கீரியெல்லாம் வேண்டாம். வழி இன்னும் முடிவாகல. துருக்கியிலேருந்தும் குழாய்க் கம்பெனியிலேருந்தும் பெரிய ஆளுங்க வர்றாங்க, கடன் கொடுக்கிற வங்கிக்காரங்களும் வர்றாங்க. நேரா இங்க கூட்டிட்டு வரேன். ஒரு விருந்து வையுங்க. ஊத்துத் தண்ணியைக் குடிச்சுப் பார்க்கட்டும். கல்நெஞ்சுக்காரன்கூட மேட்டு வழியாவே போகட்டும்னு சொல்லிடுவான்."

"நிஜமாவாடா?"

"உங்க சோத்தைத் தின்னு வளர்ந்தவன் அத்தே நான். உங்ககிட்டப் பொய் சொல்லுவேனா?"

ஊர் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. ரமாஸ் முறுக்கிக்கொண்டான். "கோட்டு போட்டவன் பேச்சை நம்பி லாரியை எடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டான். "அவன் பேச்சை நம்ப வேண்டாம், என் பேச்சை நம்பு" என்றாள் குலிகோ. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஊர் அடங்கியது. லாரியைப் பாலத்திலிருந்து எடுத்து ஓரமாக நிறுத்தினார்கள்.

விருந்து என்றால் நாகரேவியில் விருந்துதான். இரண்டு கன்று வெட்டினார்கள். ஆளாளுக்கு மண்ணில் புதைத்து வைத்திருந்த மது ஜாடியைத் திறந்தார்கள். குலிகோ வீட்டு முற்றத்தில் நீள மேசை போட்டு, வால்நட் அரைத்த கோழிக் குழம்பும், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டியும், கம்பியில் வாட்டிய இறைச்சியும், ஆற்று மீனுமாகத் தட்டின்மேல் தட்டு அடுக்கினார்கள். தமாதாவாக, அதாவது பந்தியின் தலைவனாக, தேன்கார ஜும்பரை உட்கார வைத்தார்கள். அவர் வாழ்த்துச் சொல்லாமல் யாரும் கோப்பையைத் தொடக் கூடாது. அவர் யாரைக் காட்டுகிறாரோ அவர் அந்த வாழ்த்தை வாங்கி நாலு வார்த்தை பேசிவிட்டுக் குடிக்க வேண்டும். அதுதான் முறை.

வந்தவர்கள் எல்லாரும் மரியாதைப்பட்டவர்கள்தான், குற்றம் சொல்ல முடியாது. துருக்கியிலிருந்து வந்த நெஜ்தெத், நரைத்த மீசைக்காரர், தாய் வழியில் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜார்ஜியர். நம் பேச்சைக் கொஞ்சம் பழைய மாதிரி, ஆனால் அழகாகவே பேசினார். வங்கியிலிருந்து வந்த அம்மாள் எதைப் போட்டாலும் சாப்பிட்டாள். கம்பெனி ஆள் ஒருவன் மட்டும் சாப்பிடாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். கோப்பை உயரும்போதெல்லாம் ஒரு படம். தோர்னிகே விருந்தாளிகளுக்கு நடுவில், சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான்.

கடவுளுக்கு, சமாதானத்துக்கு, இறந்தவர்களுக்கு என்று வாழ்த்து வரிசையாகப் போயிற்று. அடுத்து ஜும்பர் எழுந்து நம் ஊற்றுத் தண்ணீருக்கு வாழ்த்துச் சொன்னார். நன்றாகவே சொன்னார், இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சொல்லிவிட்டு, "நெஜ்தெத் ஐயா, இதை நீங்க வாங்கிக்கணும்" என்றார்.

நெஜ்தெத் மது தொடாதவர். ஊற்றுத் தண்ணீரையே கோப்பையில் ஊற்றிக்கொண்டு எழுந்தார்.

"எங்க அம்மா இந்த மண்ணைப் பத்திச் சொல்லியிருக்காங்க. ஆனா இவ்வளவு பெரிய மனசு இருக்கும்னு சொல்லல. போன வாரம் எங்க தலைநகரத்துல மூணு அரசாங்கமும் வழிக்குக் கையெழுத்துப் போட்டப்போ நான்தான் தோர்னிகேகிட்டக் கேட்டேன், ஊத்து இருக்கிற ஊர்க்காரங்க சம்மதிச்சாங்களான்னு. சம்மதம் என்ன, அவங்களே விருந்து வச்சுக் கூப்பிடுறாங்க, வந்து பாருங்கன்னு சொன்னார். நான் நம்பல. இன்னிக்கு வந்து பார்த்துட்டேன். நாட்டுக்காகத் தன் ஊத்தையே ஒப்புக்கொடுக்கிற ஜனத்துக்குத் தலை வணங்குறேன்."

குடித்துவிட்டு உட்கார்ந்தார். பாவம், மனதாரத்தான் சொன்னார்.

ஜும்பர் கோப்பையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். ரமாஸின் கழுத்து சிவந்து, நாற்காலி பின்னால் நகர்ந்தது. குலிகோ அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "விருந்தாளிங்கடா. உக்காரு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

கையெழுத்து ஆகிவிட்டதா? போன வாரமே ஆகிவிட்டதா? அப்படியானால் இந்தக் கன்று எதற்கு, இந்த மது எதற்கு, இந்தப் படம் எதற்கு? ஊர் சம்மதித்ததற்குச் சாட்சியாகவா? அடப்பாவி! குழாய் போடுகிற வெளிநாட்டுக்காரன் காலை வாரிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும், அதற்குத் தயாராகவே இருந்தாள். ஆனால் வளர்த்த பிள்ளையே அவள் கையால் சோறு போட வைத்து, அந்தச் சோற்றையே ஊரின் கையெழுத்தாக எடுத்துக்கொள்வான் என்று எந்தத் தாய் எதிர்பார்ப்பாள்? அதைவிட வயிற்றெரிச்சல், இப்போது வாயைத் திறக்க முடியாது. மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் விருந்தாளிகள். அது தெரிந்துதானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்!

மேசையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். துருக்கிக்காரர் விருந்தாளி. வங்கி அம்மாள் விருந்தாளி. படம் எடுக்கிறவன்கூட விருந்தாளிதான், போய்த் தொலையட்டும். தோர்னிகே?

"தோர்னிகே" என்று கூப்பிட்டாள். "அங்க என்னடா பண்ற?"

"என்ன அத்தே?"

"விருந்தாளிங்க வரிசையில உனக்கு என்ன வேலை? நீ இந்த வீட்டுப் பிள்ளை. பிள்ளைங்க நின்னு பரிமாறணும். எந்திரி."

அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. எழுந்தான். அவள் ஜாடியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். துணை அமைச்சர் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றான்.

"வீட்டுப் பிள்ளையை வீட்டுல உள்ளவங்க கேள்வி கேக்கலாம், அதுல விருந்தாளிக்கு ஒரு குறையும் இல்ல" என்று நெஜ்தெத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அவள் திரும்பினாள். "சொல்லு. என்னிக்குக் கையெழுத்துப் போட்ட?"

"அத்தே, இங்க வேண்டாம்..."

"இங்கதான். கன்னு வெட்டினது இங்கதானே?"

தோர்னிகேவின் முகத்தில் இருந்த அமைச்சர் தோரணை கழன்று விழுந்தது. "உங்களுக்குப் புரியாது அத்தே. போன குளிர்காலம் தலைநகரத்துல வெளிச்சம் இருந்துதா? ஆஸ்பத்திரியில பிள்ளைங்க விறைச்சுக் கிடந்துதே, மறந்துட்டீங்களா? வடக்கே இருக்கிற பெரிய நாட்டுக்காரன் நினைச்சா கேஸைத் திருகி மூடுறான். இந்தக் குழாய் வந்தா, அந்த வாடகைப் பணத்துல நாம எவன்கிட்டயும் கையேந்த வேண்டாம். மேட்டு வழின்னா ராணுவத்தோட பேசணும், ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள கடன் கொடுக்கிறவன் போயிடுவான், மத்த ரெண்டு நாடும் வேற வழி பார்த்துடும். நான் நாட்டுக்காகத்தான் செஞ்சேன்!"

"அதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே!" குலிகோ கத்திவிட்டாள். "எங்களுக்கு மட்டும் குளிரலையா? நாங்க மட்டும் வேற நாடா? வந்து கேட்டிருந்தா, முடியாதுன்னு சொல்லியிருப்போம். சண்டை போட்டிருப்போம். ஒருவேளை ரெண்டு நாள் கழிச்சுச் சரின்னுகூடச் சொல்லியிருப்போம், யாரு கண்டா? நீ கேக்கவே இல்லையேடா. அந்நியன்கிட்டப் பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் பேரம் பேசுற. சொந்த ஊருக்கு வந்தா ஒரு வார்த்தை கேக்க உனக்கு வாய் வரல. சாப்பாடு போடுங்கன்னு கேக்க மட்டும் வந்துது!"

வங்கி அம்மாள் நெஜ்தெத்திடம் ஏதோ கேட்டாள். அவர் ரொம்ப நேரம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அந்த அம்மாளின் முகம் மாறியது. பிறகு அவள் கேட்டதை நெஜ்தெத் குலிகோவுக்குச் சொன்னார்: "இன்னிக்கு நடக்கிறது ஊர் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்காங்க. அப்படித்தானான்னு கேக்கறாங்க."

"இது சாப்பாடுன்னு சொல்லுங்க. வெறும் சாப்பாடு. இன்னும் கொஞ்சம் மீன் போட்டுக்கச் சொல்லுங்க."

நெஜ்தெத் அப்படியே சொன்னார். கம்பெனி ஆள் படப்பெட்டியைக் கீழே வைத்தான்.

பந்தி அதன் முறைப்படி முடிந்தது. ஒரு வாழ்த்தைக்கூட ஜும்பர் விடவில்லை. விருந்தாளிகளை ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பதால் ஆற்றுப் பாலம் வரை எல்லாரும் கார்களுக்குப் பின்னால் நடந்தார்கள். காருக்கு ஒரு ரொட்டி, ஒரு குடுவை மது. நெஜ்தெத் இறங்கி வந்து குலிகோவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். "தெரியும்" என்றாள் அவள். "அடுத்த தடவை எங்களைக் கேட்டுட்டு வாங்க. அப்பவும் சோறு போடுவோம்."

கார்கள் பாலத்தைத் தாண்டின. ரமாஸ் லாரியை உறுமவிட்டுக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். மிச்சம் இருந்தது தோர்னிகேவின் கார் ஒன்றுதான், லாரிக்கு இந்தப் பக்கம்.

"அத்தே, லாரியை எடுக்கச் சொல்லுங்க. காலையில நான் அமைச்சர்கிட்டப் போய் நிக்கணும்."

"விருந்தாளிங்கதான் போவாங்க. நம்ம ஆளுங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க, பாரு. நாளைக்குப் போலீஸ் வரும். இந்த லாரி முன்னால ஒரு அமைச்சர் நின்னா அடிக்க யோசிப்பான்."

"நான் எப்படி நிக்க முடியும்?"

"அப்ப நீ விருந்தாளியா?"

ஊர் மொத்தமும் அவனைப் பார்த்தது. அவனுக்கு எழுத்தறிவித்தவர்கள் இருந்தார்கள், அவன் கூட மீன் பிடித்தவர்கள் இருந்தார்கள். தோர்னிகே காரைப் பார்த்தான், பாலத்துக்கு அப்பால் போன வெளிச்சங்களைப் பார்த்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவன் இந்தப் பக்கம் வந்து நின்றுவிடுவான் என்றே குலிகோ கடைசி வரைக்கும் நம்பினாள்.

"ஆமா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "விருந்தாளின்னே வச்சுக்குங்க."

ரமாஸ் காறித் துப்பப் போனான். குலிகோ கை காட்டி நிறுத்தினாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அவனிடம் நீட்டினாள்.

"ரமாஸ், லாரியைப் பின்னால எடு, விருந்தாளி போகணும்" என்றாள். பிறகு அவனைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். "ஏதாவது குறை இருந்தா மன்னிச்சுக்குங்க. போயிட்டு வாங்க, ஐயா."